“என்ன வாங்கட்டும்?” என்று கேட்பவருக்கு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று சபையாருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, இளம் தாய் ஒருவர் கூட்டம் கலையும்வரை தூண் ஓரமாகக் காத்திருந்தார். ஜெபக்குறிப்பு ஏதேனும் கொண்டுவந்திருப்பார் என்று எண்ணினேன். அருகில் வந்தவர் சற்றுக் கூச்சத்துடன், “ஐயா, இது பெரிய காரியமில்லை, உங்களிடம் கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை” என்று தொடங்கினார்.

அடுத்த வாரம் அவருடைய மகனுக்கு ஆறு வயது நிறைகிறது. வகுப்புத் தோழர் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் பையனுக்கு என்ன பிடிக்கும்? என்ன வாங்கட்டும்?” என்று கேட்கிறார்களாம். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார் கணவர். பொருளின் பெயரைச் சொல்வது கையேந்துவதற்குச் சமம் என்கிறார் மாமியார். பெங்களூரில் வேலைபார்க்கும் தம்பியோ, இணையக் கடையில் ஒரு பட்டியல் போட்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் ஒரே பொருள் இரண்டு வந்து சேராது என்று யோசனை சொல்லியிருக்கிறார். “நான் என்னதான் சொல்லட்டும், ஐயா?”

“சொல்லுங்கள் அம்மா. சிறிதாக ஒன்றைச் சொல்லுங்கள்” என்றேன். அந்தப் பதில் அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகவும், கொஞ்சம் அழுத்தமாகவும் வந்துவிட்டது போலும். என்னை வியப்புடன் பார்த்தார். காரணத்தை அந்த வாசலில் நின்று விளக்க இயலவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் புதுச்சேரிக்கு முதல்முறை மாற்றலாகி வந்திருந்த காலம். எங்கள் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. ஓய்வுநாள் பாடசாலையில் அவளோடு எப்போதும் ஒரே பாயில் அமரும் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தகப்பனார் வாடகைக்கு எடுத்து ஆட்டோ ஓட்டுபவர். பிறந்தநாளுக்கு முந்திய ஞாயிறு அவர் என்னிடம், “ஐயா, பாப்பாவுக்கு என்ன வாங்கட்டும்?” என்று கேட்டார். “ஒன்றும் வேண்டாம். நீங்கள் குடும்பமாய் வந்து ஜெபித்தால் போதும்” என்றேன். வாரநடுவில் ஜெபக்கூட்டத்துக்கு வந்தபோது மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். உண்மையைச் சொல்வதானால், அந்தப் பதிலில் எனக்கு உள்ளூர ஒரு நிறைவும் இருந்தது. எளியவர்மேல் பாரம் சுமத்தாத போதகன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அவர்கள் வரவில்லை. மகள் கேக்கை வெட்டாமல் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வழக்கமான இடத்தில் அமராமல் கடைசி வரிசையில் அமர்ந்தது. ஆசீர்வாதம் கூறி நான் வாசலுக்கு வருவதற்குள் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை போலும் என்று நினைத்து, நானும் விசாரிக்காமல் விட்டுவிட்டேன்.

நான்கைந்து மாதங்கள் கழித்து, அந்தச் சகோதரி என் மனைவியிடம் மனம்விட்டுச் சொன்னார். பிறந்தநாளுக்கு முந்திய மாலை மூவருமாக நேரு வீதிக்குப் போயிருக்கிறார்கள். ஐயா ஒன்றும் வேண்டாம் என்றது உபசார வார்த்தை என்றே எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? கடையில் சிறுமி ஒரு பொம்மையைக் கையில் எடுத்தாள். விலையைப் பார்த்த தகப்பனார் அதைத் திரும்ப வைத்தார். அடுத்த கடையிலும் அப்படியே. கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்ததைப் போதகர் வீட்டுக்கு எடுத்துவர மனம் ஒப்பவில்லை. வெறுங்கையோடு வரவும் மனமில்லை. திரும்பி நடந்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் என் மகள் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு ஸ்கிப்பிங் கயிறு. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய எந்தக் கடையிலும் இருபது ரூபாய்க்குள் கிடைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால், அந்தச் சிறுமி அன்று மாலை எங்கள் வீட்டில் இருந்திருப்பாள். அவர் இரண்டு முறை கேட்டார் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. இரண்டாம் முறை கேட்கிற மனிதர் மரியாதைக்காகக் கேட்பதில்லை. தெரிந்தாக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். அதுகூட எனக்கு விளங்கவில்லை.

‘வேண்டாம்’ என்ற சொல்லை நாம் பந்தியில் கற்றவர்கள். இலைக்கு மேலே கையை மறைத்துப் ‘போதும், போதும்’ என்போம். பரிமாறுகிறவர் விரல்களுக்கிடையில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். மறைத்தவருக்கும் அது தெரியும், ஊற்றியவருக்கும் தெரியும். அது ஓர் இனிய நாடகம். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பந்தியில் குழம்பு வாளி பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது. எவ்வளவு ஊற்றுவது என்பது அவருக்குக் குழப்பமில்லை. பரிசு வாங்கக் கடைக்குப் போகிறவர் கையில் அப்படி ஒரு வாளி இல்லை. நம்முடைய ‘வேண்டாம்’ அவர் தலையில் ஒரு விடுகதையாய் ஏறிக்கொள்கிறது. வசதியுள்ளவர் அதை அதிகப் பணத்தால் அவிழ்ப்பார். வசதியில்லாதவர் கடன் வாங்குவார், அல்லது அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்.

இதற்குக் கொடுப்பினையைப் பற்றிய நம்முடைய பழைய கணக்கும் ஒரு காரணம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் ஆடி மாதம் மொய்விருந்து நடைபெறுவதை அறிவீர்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறும். நாளை அவர் விருந்து வைக்கும்போது கூட்டித் திரும்பச் செய்ய வேண்டும். வட்டிக்கடைக்குப் போகாமல் தொழில் தொடங்கவும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது கைகொடுத்திருக்கிறது. அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. அது கடன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிற கடன். பிள்ளையின் பிறந்தநாளுக்குள் அந்த நோட்டு ஒளிந்துகொண்டு நுழைவதுதான் எனக்கு வருத்தம். போன மாதம் அவர்கள் நம் பிள்ளைக்குக் கொடுத்தது ஐந்நூறு பெறும். இப்போது நாம் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். வந்த பிள்ளைகளுக்கு ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ வேறு. அதுவும் போன வீட்டில் கொடுத்ததற்கு ஒரு படி மேலே. ஆறு வயதுப் பிள்ளைகள் பலூன் உடைத்து விளையாடும் அறையில் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாத மொய் நோட்டை விரித்து வைத்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இது புதிதுமல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளில், பண்டிகை நாட்களில் குவர்னர் துய்ப்ளேயையும் பிற துரைமாரையும் யார் யார் போய்க் கண்டார்கள், என்னென்ன வெகுமதி வைத்தார்கள், எத்தனை பீரங்கி முழங்கிற்று என்பதெல்லாம் வணிகக் கணக்குப்போல் பதிவாகியிருக்கும். வெகுமதியின் எடையைக் கொண்டு மனிதனின் எடை அறியப்பட்ட காலம் அது. துபாஷியாக இருந்தவருக்கு அந்தக் கணக்கு உயிர்வாழ்வதற்கே தேவைப்பட்டது. நமக்குத் தேவையா? விருந்து வைக்கும்போது திரும்பச் செய்ய இயலாதவர்களை அழைக்கும்படி ஆண்டவர் சொன்னது லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியை நான் எத்தனை முறை பிரசங்கித்தேன் என்று எண்ணிப்பார்க்கிறேன். திரும்பச் செய்ய இயலாத ஒரு குடும்பத்தை அழைக்கவும் அழைத்தேன். அவர்கள் உள்ளே வருவதற்கான கதவை மட்டும் திறந்துவைக்கவில்லை.

தாழ்மை என்பதே கேளாமலிருப்பதுதானே என்று சிலர் நினைக்கலாம். ஏசாயா 7-ஆம் அதிகாரத்தில் ஆகாஸ் ராஜா நினைவுக்கு வருகிறான். ஓர் அடையாளத்தைக் கேட்டுக்கொள் என்று தேவனே சொல்கிறார். ஆழத்திலோ உயரத்திலோ எதையும் கேட்கலாம். ஆகாஸ், நான் கேட்கமாட்டேன், கர்த்தரைச் சோதிக்கமாட்டேன் என்கிறான். கேட்பதற்குப் பக்தியான பேச்சுத்தான். ஆனால் தீர்க்கதரிசி அதைத் தாழ்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதரைச் சலிக்கப்பண்ணியது போதாதென்று தேவனையும் சலிக்கப்பண்ணுகிறாயோ என்று கடிந்துகொள்கிறார். கேள் என்று ஒருவர் சொன்னபின் கேளாதிருப்பது எப்போதும் தாழ்மை ஆகாது. அவர் கையிலிருந்து எனக்கு எதுவும் வர வேண்டியதில்லை என்னும் பெருமையும் அந்த உடையில் வரலாம். என்னுடைய ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதில் அது ஒரு பங்கு இருந்தது. நான் கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன், அவர் பெற்றுக்கொள்கிற இடத்தில் இருக்கிறார். அந்த ஒழுங்கு மாறுவதை நான் உள்ளூர விரும்பவில்லை.

வேதத்தை நன்கு அறிந்த மூப்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, “ஜார்ஜ் முல்லர் கேட்கவில்லையே, ஐயா” என்றார். நியாயமான கேள்வி. பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கி, தம் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர் அவர். தேவையைத் தேவனிடத்தில் மட்டுமே சொல்வது என்ற தீர்மானத்தில் நின்றார். நன்கொடையாளர் நேரில் விசாரித்தபோதும் கையிருப்பின் நிலைமையைச் சொல்ல மறுத்தவர். நம் திருநெல்வேலிச் சீமையில் தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணத்துக்காக மனிதரிடம் வேண்டுகோள் விடுத்ததில்லை. அவர்களுடைய விசுவாசத்துக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது ஓர் ஊழியத்தின் தேவையைப் பற்றிய பிரதிக்கினை. என் மகளின் ஸ்கிப்பிங் கயிறு ஊழியத் தேவையல்ல. அன்று தேவையோடு நின்றவர் அந்த ஆட்டோக்காரச் சகோதரர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு தகவல். அதைத்தான் நான் கொடுக்க மறுத்தேன்.

தோனாவூரைச் சொன்னதால் இன்னொன்று. அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆகவே பிள்ளை அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே ‘வந்த நாள்’ என்று கொண்டாடினார்கள். பிறந்தநாளைக் கொண்டாடுவதே உலகத்தாரின் வழக்கம் என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கும் சகோதரர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

அவர்கள் எடுத்துக்காட்டும் வேதபகுதிகள் இரண்டு. ஒன்று ஆதியாகமம் 40: பார்வோனின் பிறந்தநாளில் ஒருவன் வேலைக்குத் திரும்பினான், இன்னொருவன் தூக்குமரத்துக்குப் போனான். மற்றொன்று மாற்கு 6: ஏரோதின் பிறந்தநாள். இந்த இரண்டாவதை நாம் யோவான்ஸ்நானனின் மரணச் செய்தியாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். ஒரு பெற்றோராக இருந்து வாசித்துப் பாருங்கள். கலிலேயாவின் பெரியோர் பந்தியிருக்கிறார்கள். ஒரு சிறு பெண் நடனமாடுகிறாள். ராஜ்யத்தில் பாதியாயினும் கேள், தருகிறேன் என்று அரசன் ஆணையிடுகிறான். அவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. வெளியே ஓடித் தன் தாயிடம், நான் என்ன கேட்க வேண்டும் என்று கேட்கிறாள். பிறந்தநாள் வீட்டில், என்ன பரிசு என்ற கேள்வி ஒரு தாயின்முன் வந்து நிற்கிறது. ஏரோதியாள் தன் நெஞ்சில் வெகுநாள் வைத்திருந்ததை அந்தப் பிள்ளையின் வாயில் வைத்து அனுப்புகிறாள். தட்டு என்ற விவரத்தை மட்டும் சிறுமி தானாகச் சேர்த்துக்கொள்கிறாள். பிள்ளைகள் நம்முடைய ஆசையைக் கற்றுக்கொள்ளும்போது நம்மைவிட ஒரு படி கூடுதலாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினார். ஏரோதின்முன் ஆடியவளைச் சுவிசேஷகன் ‘கொராசியோன்’ என்கிறான். சிறு பெண் என்று பொருள். திரைப்படங்களும் ஓவியங்களும் காட்டும் மயக்குகிற மங்கையல்ல. ஓர் அதிகாரம் முன்னால், மாற்கு 5-இல், யவீருவின் மகளுக்கும் அதே சொல்தான். அவளுக்கு வயது பன்னிரண்டு. இரண்டு அதிகாரங்களில் இரண்டு சிறுமிகள், இரண்டு வீடுகள். யவீருவின் வீட்டில் மரித்த பிள்ளை எழுந்து நடக்கிறாள். எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன கொடுப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண்டவர் சொல்கிறார்: சாப்பிட ஏதாவது கொடுங்கள். அவ்வளவுதான். அந்த வீட்டு அடுப்படியில் இருந்திருக்கக்கூடிய ஒன்று. தாய் உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒன்று. ஜெப ஆலயத் தலைவனின் வீடாயிற்றே என்று பெரிதாக எதையும் அவர் கேட்கவில்லை.

பிறந்தநாள் பரிசைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் இந்த இரண்டு வீடுகளைத்தான் நினைக்கிறேன். சொல்வதா வேண்டாமா என்பதைவிட எதை வைத்துச் சொல்வது என்பதே பெரிய கேள்வி. நம் மனத்திலுள்ள ஆசையை வைத்தா, கேட்கிறவர் கையில் இருப்பதை வைத்தா? சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்டார். அவள் குடத்தோடு வந்திருந்தாள். சாறிபாத் விதவையிடம் எலியா முதலில் கேட்டதும் தண்ணீர், பிறகு ஒரு சிறு அப்பம். பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், தான் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வரப்பார் என்றும் எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று இது. புதிதாய் ஒரு மேலங்கி வாங்கி அனுப்பு என்று அவர் எழுதவில்லை. பழையது, தம்முடையது, இன்ன ஊரில் இன்னாரிடம் இருக்கிறது. வாசிக்கிற தீமோத்தேயுவுக்கு ஒரு சந்தேகமும் எழாது. எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் விரிவாகச் சொல்ல விரும்பியது இதுதான். எல்லாருக்கும் ஒரே பட்டியலை அனுப்பாதீர்கள். பட்டியலில் விலை முன்னால் வந்து நிற்கும். குறைந்த விலைப் பொருள்களை முதலில் பார்த்தவர் எடுத்துக்கொள்வார். கடைசியாகப் பார்க்கிற ஏழைக்கு எஞ்சியிருப்பது மிதிவண்டியாக இருக்கும். கேட்கிறவர் ஒவ்வொருவரையும் நினைத்துத் தனித்தனியே சொல்லுங்கள். அதற்காக ஏழைக்கு மலிவானதும் பணக்காரருக்கு விலையுயர்ந்ததும் என்று தரம்பிரிக்கவும் வேண்டாம். பிள்ளைகள் பொட்டலங்களை ஒன்றாகப் பிரிக்கும்போது அது பளிச்சென்று தெரியும். எல்லாருக்கும் சிறியதையே சொல்லுங்கள். கார் வைத்திருப்பவரும் வண்ணப் பென்சில் பெட்டி வாங்கிவரட்டும்.

தெளிவாகவும் சொல்லுங்கள். ‘புத்தகம் ஏதாவது’ என்றால் கேட்டவர் மறுபடியும் கடைவாசலில் தவிப்பார். ‘யானைக் கதை என்றால் அவனுக்கு உயிர், நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசையில் படம்போட்ட கதைப்புத்தகம் ஒன்று’ என்றால் முடிந்தது, விலையும் கையைக் கடிக்காது. நம் வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அந்த ஊர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்படிப் பெயர்பெற்ற மண்ணில் ஒரு சுடுமண் உண்டியலோ சிறு யானையோ வாங்கிவரச் சொல்வது யாருக்கும் இழிவாகத் தோன்றாது. மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில் பம்பரம், பந்து, பழைய புத்தகம் எல்லாம் கிடைக்கும். (ஆராதனைக்குப் பிறகு போங்கள். ஒன்பதரை மணிப் பாடலின்போது யார் இருக்கை காலியாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிகிறது.)

கடையே வேண்டாம் என்ற பதிலும் உண்டு. தையல் தெரிந்த தாய் கேட்டால், மிச்சத் துணியில் பொம்மைக்கு ஒரு சட்டை. தோட்டம் வைத்திருப்பவர் கேட்டால், ஒரு செம்பருத்திப் பதியன். அதிரசம் சுடுவதில் பேர்போன பாட்டி கேட்டால், அதிரசம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவரிடம் இருப்பதைக் கேட்கும்போது, உம்மிடம் இது இருக்கிறது என்பதை நான் கவனித்திருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறோம். அந்த ஆட்டோக்காரரிடம் பிள்ளைகளை ஒரு மாலை பொட்டானிக்கல் கார்டன்வரை ஏற்றிப்போகச் சொல்லியிருக்கலாம். அன்றைய விருந்தின் நாயகனே அவராக இருந்திருப்பார்.

பாரிசில் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் நம் சபையில் இருக்கிறார். அங்கே பிறந்தநாளுக்கு அழைக்கப்பட்ட பிள்ளையின் தாய், பையனுக்கு எது மகிழ்ச்சி தரும் என்று கேட்பதும், அழைத்த தாய் தயங்காமல் சொல்வதும் இயல்பாம். முதலில் தமக்கு அது நாகரிகமாகப் படவில்லை என்றும், பழகியபின் அதில் பொய் இல்லை என்பது பிடித்துப்போயிற்று என்றும் சொன்னார். 1954-இல் பிரெஞ்சுக்காரர் புறப்பட்டபோது விட்டுப்போனவற்றுள் நாம் வீதிப் பெயர்களையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டோம். இந்தப் பழக்கத்தையும் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிக் கேட்டுச் சொல்லி வளர்த்தால் பிள்ளை பேராசைக்காரனாகிவிடமாட்டானா என்பது மாமியாரின் கவலை. அதைத் தள்ளிவிட முடியாது. பெற்றோர் பதில் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருப்பான். அதனால்தான் அவனையும் அந்தப் பேச்சில் சேர்க்கச் சொல்கிறேன். ‘இன்னார் அம்மா கேட்டார்கள். அவர்கள் எளிதாக வாங்கக்கூடியதாக, உனக்கும் பிடித்ததாக ஒன்று சொல்’ என்றால், ஆறு வயதுப் பையன் அன்றைக்கு முதன்முறையாக இன்னொருவருடைய பணப்பையைப் பற்றி யோசிப்பான். பொருளின் பெயரே வீட்டில் பேசப்படாமல், கண்ணில் பட்ட பெட்டிகளை எல்லாம் பிரித்துத் தள்ளும் பிள்ளை அதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிறான். நம் சபைகளில் பிறந்தநாளன்று பிள்ளைகள் ஸ்தோத்திரக் காணிக்கை உறையோடு முன்னே வந்து நிற்கும் நல்ல வழக்கம் இருக்கிறது. உறைக்குள் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்பா வைத்தது. அதையும் அந்த வாரம் பேசிவிடலாம்.

மெய்யாகவே ஒன்றும் வேண்டாம் என்று தீர்மானித்த குடும்பங்களும் உண்டு. வீட்டில் இடமில்லை, விளையாட்டுப் பொருள் நிறைந்துவிட்டது. அவர்களுக்கு என் வேண்டுகோள்: ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல், நம்பும்படி சொல்லுங்கள். ‘யாரிடமும் வாங்கவில்லை, கொண்டுவந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம், உங்கள் மகள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால் சுவரில் ஒட்டுவோம்’ என்றால் யாரும் கடைக்கு அலையமாட்டார்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். வாங்கமாட்டோம் என்று அறிவித்துவிட்டு, நெருங்கிய உறவினர் தந்த பெரிய பெட்டியை எல்லார் கண்முன்னும் மேசைமேல் வைப்பது, வெறுங்கையோடு வந்தவரை அடிப்பதற்குச் சமம்.

அந்த ஆட்டோக்காரச் சகோதரரைப் பற்றிக் கேட்பீர்கள். விஷயம் தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், “ஐயா, அதையெல்லாம் விடுங்கள்” என்றார். பிள்ளைகள் இருவரும் பிறகு பழையபடியே ஒரே பாயில் அமர்ந்தார்கள். ஆனால் நான் மாற்றலாகிப் போகும்வரை எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அந்தக் குடும்பம் வரவில்லை.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, ஆட்டோ ஓட்டுவதில்லை. போன ஆண்டு அவருடைய மகள், என் மகளின் அதே சிநேகிதி, தன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு எங்களை அழைத்தாள். தொலைபேசியை அவர் வாங்கிப் பேசினார். “பேரனுக்கு என்ன வாங்கிவரட்டும்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் வேண்டாம் ஐயா. நீங்களும் அம்மாவும் வந்து ஜெபித்தால் போதும்.”

என் வார்த்தைகளே. அவருக்கு அது நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது. சற்றுநேரம் பேச்சு எழவில்லை. பிறகு, “நான் இரண்டாம் முறை கேட்கிறேன், சகோதரரே” என்றேன். மறுமுனையில் அவர் சிரித்தது கேட்டது. தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ விசாரித்தார். திரும்பி வந்து, “குடைபோல விரியுமே, அந்தச் சின்னக் கொசுவலை இருந்தால் நன்றாயிருக்கும் ஐயா. இந்தத் தெருவில் கொசு தாங்கவில்லை” என்றார்.

நேரு வீதியில் வாங்கினோம். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேக் இன்னும் வெட்டப்படவில்லை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பாமல் பாட்டி அந்த வலையை அப்படியே அவன்மேல் விரித்து வைத்தார்.